அண்டாவின் அடியில் விறகுக் கரி

பெரிய அத்தான், நீங்கள் பொய் சொன்னீர்கள். வாய் தவறி ஒரு முறை சொன்னதல்ல. லீவில் ஊருக்கு வந்தபோதெல்லாம் எங்களை உட்கார வைத்துச் சொன்னீர்கள். இப்போது மறுபடியும் சொல்கிறீர்கள்.

ஃபேஸ்புக்கில் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன். பெரிய அத்தான் என்பவர் என் கணவரின் மூத்த அண்ணன். மஸ்கட்டில் ரூவி என்ற பகுதியில் பல வருஷம் வேலை பார்த்தவர். இப்போது வேலையை விட்டுவிட்டு ஊரோடு இருக்கிறார். எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டியது. எங்கள் குடும்பத்தில் முதலில் விமானம் ஏறியவர் அவர்தான். அதனால் வளைகுடாவைப் பற்றி அவர் என்ன சொன்னாலும் மறுபேச்சு கிடையாது.

அவர் சொன்னது இதுதான்.

“அங்க என்ன இருக்கு? மணலு, வெயிலு, கூடு மாதிரி ஒரு பிளாட்டு. ஆம்பள டூட்டிக்குப் போயிருவான். பொம்பள நாலு செவத்தப் பாத்துக்கிட்டே கெடக்கணும். பைத்தியம் புடிச்சிரும். நம்ம வீட்டுப் பொம்பளையளுக்கு அது ஆவாது.”

இதை அவர் சொல்லும்போது அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், டீயை வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிப் போவார். அந்தப் பேச்சில் அக்கா ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

இப்போது அதே பேச்சால் என் சின்ன ஓரகத்தியின் பயணம் நின்றுகிடக்கிறது. அவள் என் கணவருடைய தம்பியின் மனைவி. அவள் புருஷனும் இங்கே, எங்களோடு மஸ்கட்டில்தான் வேலை செய்கிறார். விசா வந்துவிட்டது. எங்கள் பிளாட்டில் ஓர் அறையைக் காலி செய்து, புது மெத்தை போட்டு, ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டி வைத்திருக்கிறேன். குறிப்பிட்ட தேதிக்குள் அவள் வந்து இறங்காவிட்டால் அந்த விசா செல்லாது. அவள் அப்பாவோ, பெரிய அத்தான் சரி என்றால்தான் அனுப்புவேன் என்கிறார். அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவர் பெரிய அத்தான்தான். அத்தான் சரி என்று சொல்ல மறுக்கிறார்.

அதனால்தான் எழுதுகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது.

என் கணவர் ஏசி மெக்கானிக். முதலில் சவூதியில், ஜுபைலில் இருந்தார். கேம்ப்பிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து பிளாண்ட், திரும்ப பஸ், திரும்ப கேம்ப். அவர் அங்கே பார்த்த ஒரே காட்சி பஸ்ஸில் முன் சீட்டில் இருந்தவனுடைய பிடரி. அதனால் அண்ணன் சொன்னதை அவர் உண்மை என்றே நம்பினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பிறகு அவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. பெரிய அத்தான் ஊருக்குத் திரும்பிய சமயம் அது. அத்தான் இருந்த அதே பிளாட்டை என் கணவர் எடுத்துக்கொண்டார். அத்தானோடு தங்கியிருந்தவர்கள் அதற்கு முன்பே ஒவ்வொருவராகப் போய்விட்டதால் பிளாட் காலியாகக் கிடந்தது. நான் மகளைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னேன்.

ஒரு பெரிய சண்டை நடந்தது. கடைசியில் பெரிய அத்தான் கையை விரித்தார். “போட்டும். மூணு மாசம் தாங்க மாட்டா. அழுதுக்கிட்டே வருவா பாருங்க.”

அழுதேன்தான். முதல் நாள் காலையில் அடுப்படி ஜன்னலைத் திறந்தபோது அழுகை வந்தது. ஏன் என்று கேளுங்கள். ஜன்னலுக்கு வெளியே மலை! கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல அவ்வளவு கிட்டே, ஒரு புல் பூண்டு இல்லாமல், தோலுரித்தது போல நிற்கிறது. வெயில் ஏற ஏற அதன் நிறம் மாறுகிறது. விடியும்போது சாம்பல், அப்புறம் கருப்பட்டி, சாயங்காலம் செங்கல். எங்கள் ஊரில் கடல் உண்டு, தேரி மணல் உண்டு, மலை கிடையாது. நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தோசை கருகிப் போனது.

“என்ன பொசுங்குது?” என்று என் கணவர் ஓடி வந்தார்.

“இந்த மலைய ஏன் எங்கிட்ட சொல்லல?”

“எந்த மலைய?”

அவர் அந்த ஜன்னலைத் திறந்ததே இல்லை. பூசி ஒட்டியது மாதிரி சாத்திக் கிடந்தது. கத்தியை விட்டு நெம்பித்தான் நான் திறந்தேன்.

பிளாட் மூன்றாவது மாடி. இரண்டு படுக்கையறை, ஒரு ஹால். பேச்சிலர்கள் வாழ்ந்த வீடு என்று சுவரைப் பார்த்தாலே தெரியும். கண்ட இடமெல்லாம் ஆணி. கட்டில் கால்கள் அழுத்திய குழி தரையில். குளியலறைக் கதவில் யாரோ ‘சீக்கிரம் வெளியே வா’ என்று பேனாவால் எழுதி வைத்திருந்தார்கள். அதை மட்டும் நான் அழிக்கவில்லை. என் மகளுக்கு அது தேவைப்படுகிறது.

இந்த வீட்டில் நான் கற்றுக்கொண்டவை எல்லாம் எனக்கு விளையாட்டு மாதிரி இருந்தன. கோடையில் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் கொதிக்கும். குழாயைத் திறந்தால் கை வெந்துவிடும். அதற்கு இங்கே உள்ளவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஹீட்டரை அணைத்துவிட வேண்டும். வீட்டுக்குள் ஏசிக் குளிரில் ஹீட்டர் தொட்டியில் கிடக்கும் தண்ணீர் ஆறிப்போயிருக்கும். அப்புறம் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து குளிக்க வேண்டும்! சுடுதண்ணீர்க் குழாயில் குளிர்ந்த தண்ணீரும், பச்சைத்தண்ணீர்க் குழாயில் வெந்நீரும் வருகிற ஊரை நான் வேறெங்கே பார்க்கப் போகிறேன்? இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் மூன்று முறை குளித்தேன்.

சாலையைப் பார்த்த பால்கனியில் துணி காயப்போடக் கூடாது. எனக்கு அது தெரியாமல் முதல் நாளே ஒரு கொடி கட்டிப் பாவாடையெல்லாம் தொங்கவிட்டேன். வங்காளதேசத்து வாட்ச்மேன் கீழே நின்று கையை ஆட்டிக் கத்தினார். “பாபி! பாபி! கப்டா நஹி! பல்தியா ஆயேகா!” துணி கூடாது, பல்தியா வரும் என்கிறார். பல்தியா என்றால் நகராட்சி. வந்தால் அபராதம். நான் பாவாடைகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். அவர் மேலே வந்து மொட்டைமாடியில் துணி காய வைக்கிற இடத்தைக் காட்டினார்.

மொட்டைமாடியைப் பார்த்ததும் எனக்கு வேறு யோசனை வந்தது. அந்த வெயிலுக்கு அது என்னமாய்க் காயும்! அந்த வாரமே மத்ரா மீன் சந்தையிலிருந்து நெத்திலி வாங்கி வந்து, உப்புப் போட்டு, பழைய திரைச்சீலையை விரித்துப் பரப்பிவிட்டேன். கடற்கரைக்காரி வேறென்ன செய்வாள்?

பில்டிங் முழுக்க வாசனை இறங்கிவிட்டது. லிஃப்டுக்குள் நிற்க முடியவில்லை. கீழ் மாடியில் யாரோ செத்த எலியைத் தேடி அலமாரியை எல்லாம் நகர்த்தினார்களாம். வாட்ச்மேன் தலையில் கை வைத்துக்கொண்டு பில்டிங் சொந்தக்காரருக்கு போன் போட்டார். சொந்தக்காரர் வயசான ஓமானி. வெள்ளை அங்கியும் பூத்தையல் போட்ட தொப்பியுமாக, கைத்தடியை ஊன்றிக்கொண்டு மாடிக்கு வந்தார். என் கணவர் டூட்டியில் இருந்தார். நான் திரைச்சீலையின் ஒரு முனையைச் சுருட்ட ஆரம்பித்தேன். கிழவர் குனிந்தார். ஒன்றை எடுத்தார். வாயில் போட்டு மென்றார்.

“காஷா!” என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

அவர்கள் ஊரிலும் சின்ன மீனைக் காயவைத்துச் சாப்பிடுகிறார்கள். அதன் பெயர் காஷா. அவருடைய அம்மா இப்படித்தான் கடற்கரையில் பரப்புவார்களாம், இந்தியில் சொன்னார். “லேகின் சிஸ்டர், பில்டிங் மே மத் கரோ”, பில்டிங்கில் மட்டும் செய்யாதே என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, அங்கிப் பையில் ஒரு பிடியை அள்ளிப் போட்டுக்கொண்டு போனார். அந்த வாரம் முழுக்க அவர் காரில் என்ன மணம் அடித்திருக்கும் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

பைத்தியம் பிடிக்கும் என்றீர்களே பெரிய அத்தான். ஆம், பிடித்தது. ஊர் சுற்றுகிற பைத்தியம்.

வெள்ளிக்கிழமை என் கணவருக்கு லீவு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையை இங்கே வெள்ளிக்கிழமையே பார்த்துவிடலாம். காலையில் மாதா கோவில், மத்தியானம் சோறு, சாயங்காலம் பஸ். எங்கள் ரூவியிலிருந்து மத்ராவுக்கு பஸ் ஏறினால் உட்கார்ந்து சீட்டு சூடாவதற்குள் இறங்க வேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, நடுவில் வளைந்து போகும் சாலை. மலை உச்சியில் பழைய காவல்கோபுரங்கள். விளக்குப் போட்டதும் அவை ஆகாயத்தில் தொங்குவது மாதிரி இருக்கும். சாலையின் முடிவில் ஒரு குன்றின்மேல் சாம்பிராணிச் சட்டி மாதிரியே ஒரு கட்டடம். அவ்வளவு பெரிய சட்டியில் யாருக்குப் புகை போடுவார்கள் என்று என் மகள் கேட்டாள். கடைத்தெருவுக்குள் நுழைந்தால் நிஜமாகவே சாம்பிராணி மணம்தான். கோவிலில் பெரிய திருநாளுக்கு மட்டும் மோந்த மணம், இங்கே செருப்புக் கடையிலும் வருகிறது.

பாருங்கள், நான் கடலோரத்துப் பெண். கடல் எனக்குப் புதிதல்ல. ஆனால் கடலை வேடிக்கை பார்ப்பதற்காக உட்கார்ந்தது அங்கேதான் முதல் முறை. ஊரில் கடற்கரைக்குப் போனால் கூடை இருக்கும் கையில், இல்லாவிட்டால் வலை இருக்கும். வெறுங்கையோடு போய் உட்கார்ந்தால், வீட்டில் வேலை இல்லையா என்று கேட்பார்கள். மத்ராவில் நான் வெறுங்கையோடு உட்கார்ந்தேன். யாரும் கேட்கவில்லை. என் கணவர் கரக் டீ வாங்கி வந்தார். ஏலக்காய் தூக்கலாக, பால் கெட்டியாக. “என்ன, ஒரு மாதிரியா இருக்க?” என்றார். “பேசாதிய. பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றேன்.

அடுத்து நிஸ்வா போனோம். வெள்ளிக்கிழமை விடிந்ததும் அங்கே ஆட்டுச் சந்தை. வாங்க வந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்துகொள்ள, விற்பவர்கள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள், விலையைக் கூவிக்கொண்டே. எனக்கு அரபி ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் எல்லாம் புரிந்தது! எங்கள் கரையில் மீன் ஏலம் விடும் அதே கத்தல், அதே முறைப்பு, விலை படியவில்லை என்றால் அதே முகத் திருப்பல். ஒரு கிழவர் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டு ‘ம்க்கும்’ என்றார் பாருங்கள், எங்கள் ஊர்க் கிழவர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுகிற ‘ம்க்கும்’ அதுதான்.

பிம்மா என்று ஓர் இடம். சமதரையில் திடீரென்று பெரிய பள்ளம், அதற்குள் பச்சைத் தண்ணீர். படி இறங்கிக் காலை விட்டால் குட்டி மீன்கள் கூட்டமாக வந்து காலைக் கடிக்கின்றன. என் கணவர் துள்ளிக் குதித்துக் கூச்சம் தாங்காமல் கத்தினார். அவர் அப்பா ஆழ்கடலுக்குப் போனவர். “காலம் பூரா நாம மீனத் தின்னோம். இப்ப அதுக கணக்குத் தீக்குது, உக்காருங்க” என்றேன்.

அன்று திரும்பி வரும் வழியில்தான் என் கணவர் வாடகைக் காரின் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: “அண்ணன் பாவம். இவ்வளவு வருசம் இதெல்லாம் ஒண்ணுமே பாக்காம இருந்துட்டு வந்துருக்காவ.”

எனக்கும் அன்று பெரிய அத்தானை நினைத்துப் பாவமாகத்தான் இருந்தது. இதை எழுதும்போது எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

சின்னவளுக்காக அறையைக் காலி செய்தேன் என்று சொன்னேன் அல்லவா? அந்த அறைக்கு மேலே ஒரு பரண். பேச்சிலர்கள் விட்டுப்போன குப்பை எல்லாம் அங்கே கிடந்தது. உடைந்த ஃபேன், பிய்ந்த பெட்டி, இவற்றுக்குப் பின்னால் ஒரு பெரிய அலுமினிய அண்டா. இரண்டு பேர் பிடித்துத்தான் இறக்க முடிந்தது. என் கணவரும் அவர் தம்பியும் இறக்கினார்கள். தூக்கிப் போடலாம் என்றார் தம்பி. அண்டாவைத் தூக்கிப் போடுவதா? நான் நார் எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தேன்.

விளிம்புக்குக் கீழே அழுக்குப் போனதும் புள்ளி புள்ளியாக எழுத்து தெரிந்தது. எங்கள் அக்காவின், அதாவது பெரிய அத்தான் மனைவியின் பெயர். கல்யாணச் சீருக்குப் பெண் வீட்டில் வெட்டிக் கொடுக்கிற பெயர்.

“இது அக்காவோட அண்டால்லா?” என்றேன்.

“ஆமா, அண்ணன் ஒரு லீவு முடிஞ்சு வரும்போது ரூம் மெஸ்ஸுக்குன்னு எடுத்துட்டு வந்தாவ. உள்ள கருவாடும் மாங்கா ஊறுகாயும் வச்சுக் கட்டி ஏர்போர்ட்டுல சண்ட போட்டது எனக்கு ஞாபகம் இருக்கு” என்றார் என் கணவர்.

சரி, மெஸ் அண்டா. ஆனால் கவிழ்த்து வைத்துவிட்டு அடியைப் பார்த்தேன். கட்டிக் கரி. நார் போட்டால் நகராத, அடுக்கு அடுக்காக ஏறிய விறகுக் கரி. கேஸ் அடுப்பில் வைத்த பாத்திரம் இப்படிக் கறுக்காது. விறகடுப்பில் வெந்த பாத்திரத்தை நான் ஆயுள் முழுக்கத் தேய்த்திருக்கிறேன். இந்த பில்டிங்கில் மூன்றாவது மாடியில் விறகு ஏது? கைப்பிடி வளையத்தின் இடுக்கில் பொடிக் கூழாங்கல் வேறு சிக்கியிருந்தது. ஆற்றுக் கல். வழவழப்பாக இருந்தது.

எதிர் பிளாட்டில் இருப்பவர் யாழ்ப்பாணத்துக்காரி, பல வருஷமாக இங்கே இருக்கிறார். எனக்கு அக்கா முறை வைத்துத்தான் பழக்கம். குழப்பமாகிவிடும் என்பதால் எதிர்வீட்டு அக்கா என்று எழுதுகிறேன். கதவு திறந்திருந்ததால் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்.

“ஐயோ! இந்தக் கிடாரம் இன்னும் இருக்குதே?” என்றார். அண்டாவை அவர் கிடாரம் என்பார்.

“உங்களுக்கு இது தெரியுமாக்கா?”

“தெரியுமோவோ? என்ன பிள்ளை கதைக்கிறீர்? உங்கட அத்தான்ட கிடாரம் எல்லோ இது. வெள்ளிக்கிழமை விடிய வான் வந்து கீழ நிக்கும். முதல்ல ஏத்துறது இதைத்தான். எந்த வாதியில தண்ணி இருக்கு, எதில நிழல் இருக்கு, எல்லாம் அவருக்குத்தான் தெரியும்.” வான் என்றால் வேன், வாதி என்றால் மலை இடுக்கில் ஓடும் ஆறு.

“அத்தானா? எங்க பெரிய அத்தானா?”

“வேற ஆர்? நாங்களும் பிள்ளையளோட எத்தினை தரம் போயிருக்கிறம். என்ர மூத்தவனுக்கு நீந்தப் பழக்கினதே அவர்தான். இந்தக் கிடாரத்தில பிரியாணி போட்டாரெண்டால், மணத்துக்கு ஓமானிப் பெடியளும் வந்து நிப்பாங்கள். நீர் ஏன் இப்பிடி முழிக்கிறீர்? உமக்குச் சொல்லேல்லையே?”

வாட்ச்மேனையும் கூப்பிட்டுக் கேட்டேன். அண்டாவைப் பார்த்ததுமே அவருக்குப் பல் தெரிந்தது. “ட்ரிப் பாய் கா பர்த்தன்!” என்றார். ட்ரிப் அண்ணனின் பாத்திரமாம். ரூவியில் எங்கள் பெரிய அத்தானின் பெயர் ட்ரிப் பாய்.

என் கணவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் தம்பி முதலில் சிரித்தார், அப்புறம் எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் கரியைத் தேய்ப்பதை விட்டுவிட்டேன். அது அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அண்டாவை நாங்கள் வெளியே எடுத்தோம். எதிர்வீட்டு அக்காவின் குடும்பமும் வந்தது. வேன் பிடித்தோம். வழி சொன்னவர் எதிர்வீட்டு அண்ணன். குரியாத் தாண்டி மலைக்குள் புகுந்து போனால், ஒன்றுமில்லாத பாறைக்கு நடுவே திடீரென்று பேரீச்சை மரங்கள், அடியில் ஓடுகிற தண்ணீர். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கழுத்துவரை இறங்கிவிட்டேன். உப்பில்லாத தண்ணீரில் நான் நீந்தியதே அன்றுதான்! கடல் மாதிரி தூக்கிப் பிடிக்காது, நாமே கையைக் காலை ஆட்ட வேண்டும். மகள் என் முதுகில் தொங்கிக்கொண்டு “அம்மா, ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர்” என்று கத்தினாள். என் கணவர் மூன்று கல் கூட்டி, கொண்டுபோன விறகை வைத்துத் தீ மூட்டினார். அவர் வைத்த பிரியாணி அடிப்பிடித்தது. நாங்கள் வழித்துத் தின்றோம்.

போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். சின்னவள் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்றுதான் போட்டேன். பச்சைத் தண்ணீர், மரம், என் மகள், அடுப்பில் அண்டா.

பெரிய அத்தானின் பதில் வந்தது. ‘போட்டோவில் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஒரு நாள் கூத்து அது. மத்த நாள் நாலு சுவர்தான். சின்னவள் போக வேண்டாம். கோவில் திருநாளுக்கு எல்லாரும் கூடும்போது பேசி முடித்துவிடலாம்.’

திருநாளுக்குள் விசா முடிந்துவிடும். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

சின்னவள் எனக்கு போன் செய்தாள். “அக்கா, எங்க அப்பா கட்டி வச்ச பெட்டியப் பிரிச்சிட்டாவ. பெரிய அத்தான் வேண்டாம்னா வேண்டாந்தான்னு சொல்லுதாவ. அந்த ரூம்ல வேற ஆரையும் வச்சிராதிய” என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உடனே பெரிய அத்தானைக் கூப்பிட்டேன்.

“அத்தான், பரண்ல ஒங்க அண்டா கெடந்துச்சு.”

“எந்த அண்டா?”

“அக்கா பேரு வெட்டுன அண்டா.”

“ஓ, அதா. மெஸ் அண்டா. இன்னும் கெடக்கா?” சிரிக்கப் பார்த்தார்.

“அடியில விறகுக் கரி இருக்கே அத்தான். மெஸ்ஸுல விறகு வச்சா எரிச்சிய?”

பின்னணியில் டிவி ஓடியது. அதை யாரோ அணைத்தார்கள்.

“நீ எதுக்கு இப்ப இதத் தோண்டுத?”

“ட்ரிப் பாய்னு சொல்லுதாவ இங்க.”

“ஏட்டி, மெல்லப் பேசு.” அவர் எழுந்து வெளியே வருவது கேட்டது. “அது என்னமோ பயலுவ கூப்புட்டா போறது. சின்னவ விசயத்த அப்புறம் பாப்போம். நீ இத ஒங்க அக்காட்ட மட்டும் சொல்லிராத. கேட்டியா?”

அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. சின்னவள் வந்து பைத்தியம் ஆகிவிடுவாள் என்பதா இவருக்குக் கவலை? இல்லை. அங்கே நன்றாக இருக்கும் என்று ஒரு முறை வாய் திறந்து சொல்லிவிட்டால், அவ்வளவு நன்றாக இருந்தால் என்னை ஏன் கூட்டிப் போகவில்லை என்று அக்கா கேட்பார். அந்த ஒரு கேள்வி வரக்கூடாது என்பதற்காக வீட்டுப் பெண்கள் எல்லாரையும் கரையிலேயே கட்டிப் போட்டு வைத்திருக்கிறார். நான் தப்பி வந்தேன். சின்னவள் மாட்டிக்கொண்டாள்.

சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. மறுநாள் அக்காவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அக்கா எனக்குக் குரல் பதிவு அனுப்பியது அதுதான் முதல் தடவை. கோழி கத்துகிற சத்தம் கேட்டது, கொல்லையில் நின்று பேசியிருக்கிறார்.

“ஏட்டி, நல்லா இருக்கியா? போட்டோ பாத்தேன். அந்தத் தண்ணி நெசமாவே அந்த நெறந்தானா? பச்சைன்னு ஒண்ணு அங்க கண்ணுல காணக் கெடைக்காதுன்னு ஒங்க அத்தான் சொல்லுவாவ. அடுப்புல இருக்கது எங்க அம்மா வாங்கித் தந்த அண்டா. பேரு தெரியல, ஆனா காது கொஞ்சம் வளஞ்சிருக்கும், எனக்குத் தெரியாதா? நேத்து நீ போன்ல பேசுனப்போ டிவிய அணச்சது நாந்தான். எல்லாம் கேட்டேன். என் அண்டா எல்லா எடத்துக்கும் போயிருக்கு, என்ன?”

“ச்சூ” என்று கோழியை விரட்டினார். பிறகு:

“சின்னவள விட்ருங்கன்னு அவியட்ட சொல்லிப் பாத்தேன். கேக்க மாட்டேங்காவ. நான் தனியாக் கேட்டா சிரிச்சு மழுப்பிருவாவ. எனக்குக் கேக்கவும் வரல. நீ கேளு. எல்லாரும் பாக்க கேளு. வாயத் தொறந்து ஒரு பதில் சொல்லட்டும்.”

அதைக் கேட்டுவிட்டு அடுப்படி ஜன்னலில் போய் நின்றேன். மலை செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. பிறகு அண்டாவைக் கவிழ்த்து அதன் அடியைப் படம் எடுத்தேன்.

பெரிய அத்தான், இதோ கேட்கிறேன். இதை எழுதி முடித்ததும் குடும்ப குரூப்பிலும் போடுகிறேன், கரி பிடித்த அந்தப் படத்தோடு சேர்த்து. சின்னவளின் அப்பாவும் அதில் இருக்கிறார். அக்காவும் இருக்கிறார். நீங்கள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்கே போனீர்கள்? அங்கே தண்ணீர் என்ன நிறம்? எதிர்வீட்டுப் பையனுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்த இடத்துக்கு உங்கள் மனைவி வரக் கூடாது என்று யார் சொன்னது? அங்கே சின்னவள் ஏன் வரக் கூடாது?

எனக்குத் தனியாக போன் செய்ய வேண்டாம். நான் எடுக்க மாட்டேன். திருநாள் வரை தள்ளிப் போடவும் வேண்டாம், விசா அதுவரை தாங்காது. குரூப்பில், அந்தப் படத்துக்குக் கீழே, எல்லாரும் படிக்கிற மாதிரி பதில் எழுதுங்கள். இன்றைக்கே எழுதுங்கள்.